தோண்டாமலே நிலத்தடியை அறிதல்

புதைபொருள் ஆராய்ச்சி என்றதும் மண்வெட்டியும் கூடையுமே நம் நினைவுக்கு வரும். ஆயின், அகழ்தல் அழித்தலும் ஆகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல நூற்றாண்டுகளாகப் படிந்த மண்ணடுக்கை ஒருமுறை வெட்டியெடுத்துவிட்டால், அதனை முன்போல் அமைத்தல் எவராலும் இயலாது. ஆதலின், எங்கே தோண்டுவது, எங்கே தோண்டாது விடுவது என்பதை முன்கூட்டியே ஆராய்தல் வேண்டும். அதற்குத் துணைபுரிவதே நிலப்பௌதிக ஆய்வு.

இம்முறைகளுள் ஒன்று மின்தடையை அளத்தல். நிலத்தில் உலோக முளைகளை ஊன்றி மின்சாரத்தைச் செலுத்துவர். ஈரமண் அதனை எளிதில் கடத்தும். கல் எளிதில் கடத்தாது. தூர்ந்துபோன அகழியில் பெரும்பாலும் ஈரம் மிகுந்திருத்தலால் தடை குறையும். கற்சுவர் புதைந்துள்ள இடத்தில் தடை மிகும். 1946ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றை அடுத்த டார்ச்செஸ்டரில், ரிச்சர்ட் அட்கின்சன் என்ற அறிஞர் இம்முறையைக் கையாண்டு, புதையுண்ட பழங்கால அகழிகளைக் கண்டறிந்தார்.

மற்றொன்று காந்த அளவீடு. களிமண்ணில் இரும்புச் சத்துள்ள நுண்துகள்கள் உண்டு. சூளையில் பழுக்கக் காய்ந்த மண் ஆறும்போது, அத்துகள்கள் அக்காலத்துப் புவிக்காந்தத் திசையிலேயே காந்தத்தன்மை பெற்று நிலைத்துவிடுகின்றன. ஆகவே, சூளை புதைந்துள்ள இடத்தின் மேல் காந்தப்புலம் சிறிது மாறுபடும்.

இவ்வுண்மை பயன்பட்ட வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் வாட்டர் நியூட்டன் என்னும் ஊருக்கு அருகில் நெடுஞ்சாலையை அகலப்படுத்த முற்பட்டனர். அவ்விடம் டியூரோபிரிவே என்ற ரோமானிய நகரைச் சார்ந்தது. மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சாலை வேலையால் சூளைகள் அழிந்துவிடுமே என்ற கவலை எழுந்தது. 1958ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்ட்டின் எய்ட்கின் புரோட்டான் காந்தமானியுடன் அங்கே சென்றார். அக்கருவியின் உணர்வுறுப்பு யாது? ஒரு குப்பி நீரும், அதனைச் சுற்றிய கம்பிச்சுருளுமே! நீரிலுள்ள புரோட்டான்களின் அச்சு சுழலும் வேகத்தைக் கொண்டு காந்தப்புலத்தின் வலிமை கணிக்கப்படும். அளவு மாறிய இடத்தில் தோண்டினர். ரோமானியர் சூளை வெளிப்பட்டது.

இன்று நிலத்தடி ரேடாரும் இக்கருவிகளோடு சேர்ந்துள்ளது. தமிழகத்துக் கீழடியிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

எனினும், கருவி கூறுவது குறிப்பே; முடிவு அன்று. அண்மையிலுள்ள கம்பிவேலியும் அதனை மயக்கும். புதையுண்டதன் காலத்தையும் அது நேரே சொல்லாது. ஐயத்தைத் தீர்ப்பது அகழ்வேயாகும். ஆனால், பத்து இடங்களைத் தோண்டித் தேடாமல் ஓர் இடத்தை மட்டும் தோண்டினால் போதுமெனின், எஞ்சிய ஒன்பதும் சிதையாமல் நிற்கும். நம்மினும் சிறந்த கருவிகளோடு வரப்போகும் தலைமுறைக்கு நாம் விட்டுவைக்கும் செல்வம் அதுவன்றோ!