பெரிய பாலிப் என்றாலே ஆபரேஷன்தானா?

"பெருங்குடலில் பெரிய பாலிப் இருக்கு, ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொன்னதும் வீடே கலங்கிவிடுகிறது. சற்றுப் பொறுங்கள்.

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் வளரும் சதை. சில வகைகள் பல வருடங்களில் புற்றுநோயாக மாறலாம். 2 செ.மீ. எட்டினால் அது பெரியது.

1969-இல் நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்ற மருத்துவர்கள் கொலோனோஸ்கோப் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கிட்டுப் பாலிப்பை எடுத்துக் காட்டினார்கள். இன்று பெரியதற்கும் அதே வழிதான். அடியில் திரவம் செலுத்திக் கொப்புளம்போல் உயர்த்தி, துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வயிற்றில் தையல் கிடையாது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தக் கசிவும், அபூர்வமாகக் குடலில் ஓட்டையும் ஏற்படலாம்.

அறுவையில் குடலின் ஒரு பகுதியையே நீக்கி, இரு முனைகளையும் இணைப்பார்கள். புற்றில்லாத பாலிப்புக்காக இப்படிச் செய்துகொண்டவர்களில் 100-க்கு 14 பேருக்குப் பெரிய சிக்கல் வந்ததாக 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் அறுவையே வேண்டாமா? புற்று ஆழமாக இறங்கியிருந்தால் அதுதான் சரி; பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தாக வேண்டுமே!

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. துண்டு துண்டாக எடுத்த இடத்தில் மிச்சம் மீண்டும் வளரலாம். ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தே ஆகணும். "ஊருக்குப் போறப்போ பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதிக்குமுன், பெரிய பாலிப்புகளை எடுத்துப் பழகிய எண்டோஸ்கோபி நிபுணர் ஒருவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.