திறக்க மறுக்கும் அஞ்சல் கோப்பு: எப்படி மீட்பது?

விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டு, முன்பே எடுத்துவைத்த அவுட்லுக் பி.எஸ்.டி. கோப்பைச் சொடுக்கினால் திறக்க மறுக்கிறது. கடிதங்கள் அழிந்துவிட்டனவா? பெரும்பாலும் இல்லை.

பி.எஸ்.டி. ஒரு குட்டித் தரவுத்தளம். அதன் முதல் 4 பைட்டுகள் ஓர் ஆச்சரியக்குறியும் பி, டி, என் என்ற எழுத்துகளும். அந்தத் தலைப்பகுதிதான் எந்தக் கடிதம் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணைகளுக்கு வழிகாட்டுகிறது. அவுட்லுக் ஓடும்போதே நகலெடுத்தாலோ, நகல் பாதியில் நின்றாலோ அட்டவணையும் உள்ளடக்கமும் ஒத்துப்போகாது. பொருளடக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி; பக்கங்கள் பெரும்பாலும் பத்திரம்.

அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி கோப்பைத் துழாவி, அட்டவணையைத் திரும்பக் கட்டுகிறது. எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியாத கடிதங்களை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறையில் போட்டுவைக்கும். பிழை ஏதும் இல்லை என்று அது சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஆனால் நகலின் மேல் மட்டும். மூலத்தைத் தொடவே கூடாது.

அவுட்லுக் 2002 வரையிலான கோப்பு 2 ஜிபியைத் தாண்டி உடைந்திருந்தால் கதை வேறு. வாலை வெட்டினால்தான் அது திறக்கும்; வெட்டிய பகுதியிலிருந்த கடிதங்கள் போனதுதான்.