விளையாட்டாகக் கடிக்கும் பூனைக்குட்டியைப் பழக்குவது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்குள் வந்ததும், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் பலரும் ஒரு பூனைக்குட்டியைத் தேடிக் கொண்டுவந்து விடுவது வழக்கம். திருக்கழுக்குன்றத்திற்கு அருகே ஒரு விவசாயியின் வீட்டுக்கு நிலக்கடலை பார்க்கச் சென்றிருந்தேன். வீட்டு அம்மாள், "ஐயா, எலியைப் பிடிக்கும் என்று இதைக் கொண்டுவந்தோம். இது எங்களைத்தான் பிடிக்கிறது" என்று முறையிட்டார். கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்து, நடப்பவரின் கணுக்காலில் பாய்ந்து கடிக்கிறதாம். ஆறு வயதுப் பேரனின் கையில் இரண்டு பல் பதிந்திருந்தது. மறுநாள் குட்டியைச் சாக்கில் கட்டி மாமல்லபுரம் மீன் இறங்குமிடத்தில் விட்டுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார்.

நான் முதலில் கேட்டது பேரனின் கையைப் பற்றித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார்கள். இது தவறு. பூனை கடித்தால், விளையாட்டுக் கடியாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. மேலே சிறு புள்ளியாகத் தெரியும். உள்ளே ஆழமாக இறங்கி, கிருமிகள் சேர்ந்து ஒரே நாளில் கை வீங்கிவிடும். வெறிநோய் நாயினால் மட்டும் வருவது என்று நினைப்பவர்கள் உண்டு. பூனையினாலும் வரும். தோல் கீறி இரத்தம் வந்திருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.

கடித்த பூனையைத் துரத்திவிடக் கூடாது என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. கடித்த நாளிலிருந்து பத்து நாட்கள் அது நலமாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நலமாக இருந்தால், மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். சாக்கில் கட்டிக் கடற்கரையில் விட்டுவிட்டால் எதைக் கவனிப்பது? அன்று மாலையே பையனை அழைத்துச் சென்றார்கள். பூனையும் தப்பியது.

ஏன் கடிக்கிறது?

பூனைக்குட்டிக்கு விளையாட்டு என்பது வேட்டைப் பயிற்சி. பதுங்குவது, பாய்வது, முன்னங்கால்களால் அணைத்துப் பிடித்துக் கடிப்பது, பின்னங்கால்களால் உதைப்பது ஆகிய இவையே நாளை எலியிடம் அது செய்யப்போகும் வேலைகள். கூடப்பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும். தாயும் ஒரு தட்டுத் தட்டும். இவ்வளவுக்கு மேல் கடிக்கக் கூடாது என்று குட்டி கற்றுக்கொள்வது இப்படித்தான்.

நம்மவர்கள் கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். அந்தப் பாடம் அதற்குக் கிடைப்பதே இல்லை. குறைந்தது எட்டு வாரமாவது குட்டி தாயுடன் இருக்க வேண்டும். இடம் இருந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்துக் கொண்டுவருவது மேல். கடியெல்லாம் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். மூன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கும். ஈறு அரிப்பதால் அந்த மாதங்களில் கடி இன்னும் கூடும்.

மற்றொரு காரணம் நாமே. குட்டி சிறிதாக இருக்கையில் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறோம். அது கவ்வினால் சிரிக்கிறோம். மூன்று மாதம் கழித்து அதே வேலைக்கு அடிக்கிறோம். குட்டிக்கு இது எப்படி விளங்கும்?

செய்ய வேண்டியவை

முதல் விதி, கையும் காலும் விளையாட்டுப் பொருள் அல்ல. வீட்டில் உள்ள அனைவரும், முக்கியமாகக் குழந்தைகள், இதைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் விரலை நீட்டிக்கொண்டிருந்தாலும் மற்றவர்களின் முயற்சி வீணாகும்.

கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் ஓடும் எலி என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடிக்கும், தோலும் கிழியும். கையை அசைக்காமல் தளர விடுங்கள். பிடி விட்டதும் பேசாமல் எழுந்து சென்று, ஓரிரு நிமிடம் குட்டியைத் திரும்பியும் பார்க்காதீர்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை அது சில நாட்களில் புரிந்துகொள்ளும்.

அடிக்கவே கூடாது. அடி வாங்கிய பூனை, கடித்ததற்காக அடித்தார்கள் என்று எண்ணுவதில்லை. இந்த மனிதர் ஆபத்தானவர் என்றுதான் எண்ணும். பிறகு விளையாட்டுக் கடி போய்ப் பயக்கடி வரும். அதுதான் உண்மையில் மோசமானது.

கடிக்க வேறு பொருள் கொடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. இரண்டு முழக் குச்சியில் சணல் கட்டி, நுனியில் கோழி இறகையோ கந்தல் துணியையோ முடிந்து தரையில் இழுத்துக் காட்டினால் போதும். தென்னங்குரும்பை, சவுக்குக் காய், தேங்காய் நார் உருண்டை ஆகியவை உருளும். குட்டி தானே துரத்தும். விளையாடி முடித்ததும் குச்சியையும் சணலையும் உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் வீடுகளுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். அறுந்த நைலான் வலைத் துண்டும், மீன் வாடை ஒட்டிய தூண்டில் முள்ளும் குட்டியின் எட்டுகைக்குள் கிடக்கவே கூடாது.

பூனைக்குச் சுறுசுறுப்பு கூடும் நேரம் விடியற்காலையும் அந்தி நேரமும். அந்த இரண்டு வேளையும் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டி உடனே சோறு வையுங்கள். வேட்டையாடும், தின்னும், உறங்கும். அதன் இயல்பே அதுதான். வேகவைத்த மீனும் சிறிது சோறும் போதும். பால் மட்டும் வைத்தால் பல பூனைகளுக்குக் கழிச்சல் உண்டாகும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்.

பாயப்போகிறது என்பதை முன்பே அறியலாம். காது பின்னால் மடியும், கருவிழி அகலும், வால் நுனி துடிக்கும், பின்பகுதி அசையும். அந்த நொடியில் ஒரு குரும்பையை உருட்டிவிட்டால் உங்கள் கால் தப்பும்.

எது விளையாட்டல்ல?

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், எலிகள் சூழ முன்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். பூனையின் அடக்கத்தை நம்பாதவர் பல்லவர் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள் போலும்! ஆனால் கடி எல்லாவற்றையும் விளையாட்டு என்று விடவும் முடியாது. தொட்ட இடத்தில் சீறிக் கடித்தால் அங்கே புண்ணோ வலியோ இருக்கலாம். சாதுவாக இருந்த பூனை திடீரென்று காரணமின்றிப் பாய்ந்தால், குரல் மாறினால், எச்சில் வடிந்தால், பின்னங்கால் தள்ளாடினால், அதை நெருங்காமல் அடைத்து வைத்துக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடர்ந்து போட வேண்டும். ஐந்து, ஆறு மாதத்திலேயே பெட்டைக் குட்டி சினையாகக் கூடும் என்பதால் கருத்தடையைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பூனையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுண்டெலியையும் இளம் வீட்டு எலியையும் அது பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியிடம் பெரும்பாலான பூனைகள் போவதில்லை. வயல் வரப்பு எலிக்குக் கிட்டிகளும் வளை வெட்டுதலுமே வழி. பூனை உள்ள வீட்டில் எலி பாஷாணம் வைக்காதீர்கள், செத்த எலியைத் தின்று பூனையும் மடியும்.

திருக்கழுக்குன்றத்து வீட்டுக்கு மூன்று வாரம் கழித்துச் சென்றேன். கடி அறவே நின்றிருக்கவில்லை. ஆனால் தோல் கிழியும்படி கடிப்பது நின்றிருந்தது. பையன் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, ஈர்க்குச்சியில் இறகு கட்டிக் குட்டியை முற்றம் முழுதும் ஓட வைத்துக்கொண்டிருந்தான். நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு சுண்டெலியின் வால் மட்டும் கிடந்ததாகப் பாட்டி காட்டினார். பூனை வளர்ப்பில் ஐயம் உள்ளவர்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.