பொட்டல்புதூரில் பாரதி பேசிய பேச்சு

சாரல் மண் – 9

சென்ற வாரம் குற்றாலத்தில், தமிழறிஞர் டி.கே.சி.யோடு சேர்ந்து கம்பனைச் சுவைத்தவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் தென்காசியிலிருந்து தெற்கே, அம்பாசமுத்திரம் போகும் வழியில் கடையத்துக்குப் போவோம். பாரதியாரின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர் அது. 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதி கைதாகி, கடலூர்ச் சிறையிலிருந்து டிசம்பர் 14 அன்று வெளியே வந்து, நேரே இந்த ஊருக்குத்தான் வந்தார். 1920-ன் பிற்பகுதியில் சென்னைக்குத் திரும்பும்வரை இந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருந்தார்.

கடையத்துக்குப் பக்கத்து ஊர் பொட்டல்புதூர். அங்கே உள்ள முகையதீன் ஆண்டவர் தர்காவைத் தென்மாவட்டங்களில் தெரியாதவர் குறைவு. அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் அடக்கத்தலம் பாக்தாதில் இருக்கிறது. அவர் நினைவாக இங்கே எழுந்த தர்காவோ, கல்தூண்களும் மண்டபமுமாகக் கோயில் கட்டும் கைகள் கட்டியதைப் போலவே நிற்கிறது. நேர்ச்சை வைத்து வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். பிள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்கு நோய், மகளுக்கு வரன் என்று எது வந்தாலும் வேண்டிக்கொண்டு, கந்தூரி விழாவுக்குக் குடும்பத்தோடு வந்து சேருவார்கள். பரம்பரை பரம்பரையாக நடக்கிற காரியம் இது. யாரும் கூட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்ததல்ல.

இந்து-முஸ்லிம் நட்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. தர்காவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஒரு குடும்பத்துக்கு, அங்கே ஓதப்படும் பாத்திஹாவின் பொருள் தெரியாமலே இருக்கலாம். பக்கத்தில் நிற்பது ஒன்று, அறிந்துகொள்வது வேறொன்று. நல்ல காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. வதந்தி கிளம்புகிற நாளில்தான் தெரியும். 2007 ஆகஸ்டில் இந்து-முஸ்லிம் மோதலில் தென்காசி நகரத்துக்குள்ளேயே ஆறு உயிர்கள் வெட்டுப்பட்டுப் போயின. பொட்டல்புதூரும் தென்காசியும் ஒரே வட்டாரம்தான். கந்தூரிக்குக் கூடுகிற பழக்கம் ஒன்றே அந்தக் கத்திகளைத் தடுத்துவிடவில்லை.

அதனால்தான் 1920 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை பொட்டல்புதூரில் நடந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். அன்று பாரதி அங்கே ஒரு சொற்பொழிவு செய்தார். தலைப்பு ‘இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை’. பிறகு அது சுதேசமித்திரன் பத்திரிகையில் அச்சாயிற்று.

அது கிலாபத் இயக்கம் நடந்த காலம். இந்து-முஸ்லிம் ஒற்றுமை என்று நாடெங்கும் மேடைகள் முழங்கிக்கொண்டிருந்தன. பாரதிக்கும் அரசியல் பேசியே கைதட்டல் வாங்கியிருக்க முடியும். அவர் எடுத்துக்கொண்டதோ மார்க்கத்தை. முஸ்லிம்கள் நிறைந்த ஊரில் நின்றுகொண்டு நபிகள் நாயகத்தைப் பற்றியும் இறைவன்மேல் அவர் வைத்த உறுதியைப் பற்றியும் ஓர் இந்துக் கவிஞர் பேசுவதென்றால், படித்துவிட்டுத்தான் வரவேண்டும். கேட்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். ஒரு வார்த்தை பிசகினாலும் பிடித்துவிடுவார்கள். இன்றைய மத நல்லிணக்கக் கூட்டங்களில் ஐயர் இந்து மதத்தைப் பற்றியும், ஆலிம் இஸ்லாத்தைப் பற்றியும், பாதிரியார் கிறிஸ்தவத்தைப் பற்றியும் பேசிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். யாரும் மற்றவர் புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பொட்டல்புதூரில் அந்தச் சிரமத்தைப் பாரதி தன் தலையில் போட்டுக்கொண்டார்.

பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் சாட்சி இருக்கிறது. ‘ரெயில்வே ஸ்தானம்’ என்ற அவருடைய சிறுகதை தென்காசி ரயில் நிலையத்தில் நடக்கிறது. பணக்கார முஸ்லிம் ஒருவர், உடன்பிறந்த சகோதரிகள் மூவரையும் மணந்துகொண்டு, அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் நிம்மதி இழந்து நிற்கிறார். பெண்களின் நிலையைப் பற்றிச் சொல்லத்தான் பாரதி அந்தக் கதையை எழுதினார். கதையை வாசித்த முஸ்லிம் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். மனைவி உயிரோடு இருக்கும்போது அவள் உடன்பிறந்தாளை மணக்க எங்கள் மார்க்கத்தில் இடமில்லையே என்றார். உண்மைதான், குர்ஆனின் நான்காம் அத்தியாயத்திலேயே அந்த விலக்கு இருக்கிறது.

பாரதி செய்ததைப் பாருங்கள். கதைதானே என்று தள்ளவில்லை. நண்பரின் வாயை அடைக்கவும் இல்லை. அவர் சொன்ன ஆட்சேபத்தையும் அச்சில் ஏற்றினார். நாடறிந்த கவிஞரைத் தட்டிக்கேட்க ஒரு வாசகருக்குத் துணிவு இருந்தது, கேட்டதை ஒப்புக்கொள்ளக் கவிஞருக்கு மனம் இருந்தது. இந்த மண்ணில் நடந்த சமயக் கல்வியில் இதைவிட நல்ல பாடம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. அந்த நண்பரின் பெயரும் நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இந்த மனம் பாரதிக்குத் திடீரென்று வந்ததாகவும் நான் நினைக்கவில்லை. அவர் பிறந்த எட்டயபுரத்தில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். நபிகளின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்கிய அந்தப் புலவர் தமிழ் கற்றது எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துவிடம். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். இந்தப் பரிமாற்றம் மறுபக்கமும் நடந்திருக்கிறது. நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு.இஸ்மாயில், வாலி வதையைப் பற்றி ‘மூன்று வினாக்கள்’ என்று ஒரு நூலே எழுதினார். சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவி நடத்தினார். இராமனைப் பற்றி இராம பக்தர்கள் நடுவில் நின்று வாதாடினார். அவர் சொன்னதை ஏற்காதவர்கள்கூட, அவர் படிக்காமல் பேசினார் என்று சொன்னதில்லை.

ஆகவே இன்று செய்ய வேண்டியதைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். நம் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் கம்பராமாயணமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் இருக்கின்றன. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வகுப்பறைகளில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இவற்றைப் படிக்கிறார்கள். ஆனால் படிப்பது மனப்பாடப் பகுதிக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும். சீறாப்புராணம் நடத்துகிற அன்று, வீட்டில் ஹதீஸ் கேட்டு வளர்ந்த ஒரு பெண் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்தப் பாட்டு வேறு மாதிரி திறக்கும். பக்கத்தில் இருக்கிற பையன் ஒரு சந்தேகம் கேட்பான். அவளுக்குத் தெரியாவிட்டால் வாப்பாவிடம் கேட்டுவந்து சொல்வாள். மறுவாரம் கம்பராமாயணம் நடக்கையில் அவள் கேட்பாள், அவன் தாத்தாவிடம் ஓடுவான். இதற்குத் தனியாக நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். பாடவேளையில் பத்து நிமிஷத்தை ஆசிரியர் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கும் ஒரு யோசனை உண்டு. பொட்டல்புதூர்ப் பேச்சின் நூற்றாண்டு 2020 ஜூன் 20 அன்று, கொரோனா ஊரடங்கு நாட்களில் வந்தது. கூட்டம் கூட வழியில்லை. இனி ஆண்டுதோறும் அதே நாளில், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும் அந்த வாரத்தில், பொட்டல்புதூரிலேயே ஒரு கூட்டம் வைக்கலாம். ஒரே நிபந்தனைதான்: பேசுகிறவர் தன் சமயத்தைப் பற்றிப் பேசக்கூடாது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் சமயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். பேச்சுக்கு அரைமணி. திருத்தம் சொல்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம். சொன்ன திருத்தங்களையும் சேர்த்தே பேச்சை அச்சிட்டு, வட்டாரத்து நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். முதல் ஆண்டுக்குப் பேசத் தயாராக இருப்பவர்கள் இப்போதே படிக்கத் தொடங்கலாம்.

(தொடரும்)