ஹாக்ஸ்மீட் டப்பாவுக்குள் இருந்த ஸ்டேஷன்

அக்கா மகளுக்கு ஹாரி பாட்டர் பித்து. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவளுக்கு ஹார்ன்பி கம்பெனியின் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் செட்டைக் கொண்டுவந்தார். கூடவே ஹாக்ஸ்மீட் ஸ்டேஷன் கட்டடங்கள் சில. தண்டவாளம் பூட்டும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. பாதி வேலையில், "மாமா, இந்த ஸ்டேஷன் நெஜமாவே எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"சினிமாவுக்கு செட் போட்டிருப்பாங்கடா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் கட்டடங்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் உறுத்தியது. கல் சுவர், புகைபோக்கி, பொதுக் காத்திருப்பு அறை, பெண்களுக்கென்று தனிக் காத்திருப்பு அறை. மந்திரவாதிகள் ஊருக்கு செட் போடுகிறவன் இவ்வளவு சாதாரணமாகவா போடுவான்? கோணல் கோபுரம் ஒன்றாவது வைத்திருக்க மாட்டானா? இது யாரோ ரயில்வே இன்ஜினியர் பயணிகளை மனதில் வைத்துக் கட்டிய கட்டடம் மாதிரி இருந்தது.

அப்படித்தான். அதன் பெயர் கோத்லாண்ட். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷரில், நார்த் யார்க் மூர்ஸ் என்ற புதர்க்காட்டு மேட்டுநிலத்தில் இருக்கிறது. 2001-ல் வந்த முதல் படத்தின் கடைசியில் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிற காட்சி இங்கே எடுத்ததுதான். அதற்கு முன்பே 'ஹார்ட்பீட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் இது ஏடன்ஸ்ஃபீல்ட் ஸ்டேஷனாக நடித்துக்கொண்டிருந்தது. படம் எடுக்க வருகிறவர்களுக்கு இந்த ஸ்டேஷன் பிடித்துப்போனதற்குக் காரணம், கட்டியதிலிருந்து அது பெரிதாக மாறவில்லை என்பதுதான். இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு படத்தின் கீழே "1865-ல் திறக்கப்பட்டது" என்று இருந்தது. அதே பாதை 1836-லேயே முழுமையாகத் திறந்துவிட்டது என்று இன்னொரு இடத்தில் இருந்தது. பாதை வந்து 29 வருஷம் கழித்துத்தான் ஸ்டேஷனா? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கதை விட்பி என்ற துறைமுக ஊரில் ஆரம்பிக்கிறது. திமிங்கல வேட்டையும் கப்பல் தொழிலும் தளர்ந்துகொண்டிருந்த காலம். உள்நாட்டோடு தொடர்பு இருந்தால் பிழைக்கலாம் என்று நினைத்தார்கள். ஜார்ஜ் ஸ்டீபன்சனைக் கூப்பிட்டு, விட்பியிலிருந்து பிக்கரிங் வரைக்கும் பாதை போட்டார்கள். ஸ்டீபன்சன் என்றதும் நீராவி இன்ஜின்தான் ஞாபகத்துக்கு வரும். இது குதிரை ரயில்! தண்டவாளத்தின் மேல் பெட்டி, முன்னால் குதிரை. வழியில் ஃபென் பாக் என்று ஒரு சதுப்பு. அதன் மேல் பாதை போட மரத்தையும், புதர்ச்செடி அடைத்த ஆட்டுத்தோலையும் போட்டு மிதக்கவிட்டார்கள்.

சதுப்பைச் சமாளித்துவிட்டார்கள். மலைதான் பிரச்சினை. பெக் ஹோல் என்ற இடத்திலிருந்து கோத்லாண்டுக்கு ஏற சுமார் 1,500 கெஜத்துக்கு ஒரே சரிவு. ஏறக்குறைய 15 அடி போனால் 1 அடி ஏறும். சில இடங்களில் அதைவிட மோசம். குதிரையால் ஆகாது. அதனால் கயிறு கட்டினார்கள். மேலே ஒரு தொட்டி வண்டியில் தண்ணீர் நிரப்பி இறக்கிவிட்டால், அதன் எடை கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டிகளை மேலே இழுக்கும். கீழே வந்ததும் தொட்டியைத் திறந்துவிட வேண்டியதுதான். நம்ம ஊர் ஏற்றமேதான். என்ன, கிணற்றுக்குப் பதில் மலை.

1845-ல் பாதை யார்க் அண்ட் நார்த் மிட்லண்ட் என்ற பெரிய கம்பெனி கைக்குப் போனது. அவர்கள் நீராவி இன்ஜின் ஓடுகிற மாதிரி பாதையைத் திரும்பக் கட்டினார்கள். க்ரோமண்ட் என்ற இடத்தில் (எழுத்தில் நடுவே ஒரு 'எஸ்' உண்டு, உச்சரிப்பில் கிடையாது) குதிரைக்காகக் குடைந்த குகைக்குப் பக்கத்திலேயே இன்ஜினுக்குப் பெரிதாக இன்னொரு குகை. சின்னது இன்றும் நடைபாதையாக இருக்கிறது. ஆனால் சரிவை மட்டும் மாற்றவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் மேலே ஒரு நிலையான நீராவி இன்ஜினை நட்டு, கயிற்றை அதனிடம் கொடுத்தார்கள். ரயில் அடிவாரம் வரும், இன்ஜினைக் கழற்றுவார்கள், பெட்டிகளைக் கயிற்றில் மாட்டி மேலே இழுப்பார்கள், மேலே வேறொரு இன்ஜின் காத்திருக்கும். இறங்கும்போதும் கயிறுதான் பிடித்துக்கொள்ளும்.

ஏன் இன்ஜினே ஏறக்கூடாது என்று கேட்டாள். நான் பலகையைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் பலகை 4 அடி நீளம். ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை வைத்து 3 அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் பெக் ஹோல் சரிவு வந்துவிடும். ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் பெட்டிகளோடு ஏற முயன்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. சமதளத்தில் அதுவே வசதி, உராய்வு குறைவதால் இழுப்பது லேசு. மலையில் அதுவே எதிரி. நீலகிரி மலை ரயிலில் கிட்டத்தட்ட 12-க்கு 1. எங்கள் பலகையில் 4 அங்குலம். அங்கே நடுவில் பற்சட்டம் போட்டு, இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. பெக் ஹோலில் அதெல்லாம் இல்லை. கயிறு மட்டுமே.

1864 பிப்ரவரி 10-ம் தேதி அந்தக் கயிறு அறுந்தது. 2 பேர் இறந்தார்கள், 13 பேருக்குக் காயம்.

அதற்கு அடுத்த வருஷம், 1865 ஜூலை 1-ம் தேதி, சரிவைச் சுற்றிக்கொண்டு போகிற புதுப் பாதை திறந்தது. 'டீவியேஷன்' என்றே அதற்குப் பெயர். அதில் ஏற்றம் 49-க்கு 1, எங்கள் பலகையில் ஓர் அங்குலம். இன்ஜின் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடும். அந்தப் பாதையில் கட்டியதுதான் இன்றைய கோத்லாண்ட் ஸ்டேஷன். ஆக, "கயிறு அறுந்தது, ரெண்டு பேர் செத்தாங்க, அதனால இந்த ஸ்டேஷன் வந்துச்சு" என்று அவளிடம் சொல்லி முடித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி படுத்தபிறகு கணக்கு இடித்தது. பிப்ரவரி 1864-லிருந்து ஜூலை 1865 வரைக்கும் 17 மாதம்கூட இல்லை. அதற்குள் பார்லிமென்ட் அனுமதி வாங்கி, நிலம் வாங்கி, நாலரை மைல் பாதை வெட்டி, ஓடைகளுக்கு மேல் பாலங்கள் கட்டி, ஸ்டேஷனும் கட்டி முடித்தார்களா? நம்ப முடியவில்லை. தேடினேன். 1854-லிருந்து பாதை நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயிடம் இருந்தது. மாற்றுப் பாதைக்கான அனுமதியை அந்தக் கம்பெனி 1861-லேயே வாங்கியிருக்கிறது. அதாவது கயிறு அறுந்ததால் புதுப் பாதை வரவில்லை. இந்தச் சரிவு சரிப்படாது என்று தெரிந்து, மாற்று வழிக்கு அனுமதியும் கிடைத்து, அது முடிகிறவரைக்கும் பழைய கயிற்றையே நம்பி ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த 2 பேர் இறந்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன கதையைவிட இது எனக்குக் கனமாக இருக்கிறது. காலையில் அவளிடம் திருத்திச் சொன்னேன். "அப்ப ஏன் சீக்கிரம் கட்டல?" என்றாள். மலை வெட்டுகிற வேலை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம். வடிவமைத்தவர் கம்பெனியின் கட்டடக் கலைஞர் தாமஸ் ப்ராசர். அதே 1865-ல் பக்கத்து எஸ்க் பள்ளத்தாக்குப் பாதையில் கம்பெனி கட்டிய ஸ்டேஷன்களும் ஏறக்குறைய இதே ஜாடைதான். மெனக்கெட்டுத் தனியாக ஒன்றும் செய்யவில்லை, இருந்த வரைபடத்தையே இங்கேயும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் ஆலை இருந்ததால் முதலில் 'கோத்லாண்ட் மில்' என்று பெயர். 1891-ல்தான் மில் போனது. படத்தில் கம்பீரமாகத் தெரிகிற இரும்பு நடைமேம்பாலம் ஆதியில் கிடையாது, பிற்காலத்தில் வேறொரு ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்தது.

நடுவில் ஒரு சாவும் உண்டு. 1963-ல் பீச்சிங் அறிக்கை பிரிட்டன் முழுக்கக் கிளைப்பாதைகளை வெட்டியபோது இதுவும் சிக்கி, 1965 மார்ச்சில் மூடப்பட்டது. ஸ்டேஷனுக்கு அப்போது சரியாக 100 வயசு ஆகவில்லை, சில மாதங்கள் பாக்கி. ஆர்வலர்கள் 1967-ல் சங்கம் அமைத்து, 1973-ல் நார்த் யார்க்‌ஷர் மூர்ஸ் ரயில்வே என்று திரும்ப ஓடவிட்டார்கள். இன்றும் நீராவி இன்ஜின் அந்த 49-க்கு 1-ல் புகை கக்கிக்கொண்டுதான் ஏறுகிறது. பழைய கயிற்றுச் சரிவு இப்போது நடப்பவர்களுக்கான பாதை.

இப்போது பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஓர் அங்குலத்துக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். நடைமேம்பாலத்தை நான் எடுத்துவிட்டேன், 1865-க்கு அது பொருந்தாது என்று. அவள் திரும்ப வைத்துவிட்டாள். பெயர்ப்பலகை விஷயத்தில் மட்டும் சமரசம்: ஒரு பக்கம் ஹாக்ஸ்மீட், திருப்பினால் கோத்லாண்ட் மில்.