பட்டியலைத் துடைப்பதா, புதிதாக எடுப்பதா?

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடையின் பில் மேசையை எடுத்துக்கொள்வோம். காசாளருக்கு ஒரு திரை, வாடிக்கையாளர் பக்கம் இன்னொரு திரை. சம்பா அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் மா என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆக, புரோகிராமுக்குள் ஒரே பட்டியல் நீள்கிறது. இரண்டு திரைகளும் அதைத்தான் காட்டுகின்றன. காசு வாங்கியாயிற்று, அடுத்தவருக்குப் பட்டியல் வெறுமையாக வேண்டும். பைதானில் இதற்கு இரண்டு வழிகள்: உள்ள பட்டியலையே 'கிளியர்' என்று துடைப்பது, அல்லது அதே பெயருக்குப் புதிய வெற்றுப் பட்டியலைக் கொடுப்பது. புதிதாகப் படிப்பவர் அச்சிட்டுப் பார்த்தால் இரண்டிலும் வெறும் அடைப்புக்குறிதான் வரும். ஆனால் புதிய பட்டியலைக் கொடுத்தால் வாடிக்கையாளர் திரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்; அடுத்து வருபவர் முன்னவரின் அரிசியையும் பருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படியானால் எப்போதும் துடைத்துவிடலாமே என்றால், அது இதைவிட மோசமாக முடியும். பில் முடிந்ததும் அந்தப் பட்டியலை அன்றைய விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டுத் துடைக்கிறோம் என்று வையுங்கள். கணக்கில் சேர்ந்தது பட்டியலின் பிரதியல்ல, அதே பட்டியல். இரவு கடை சாத்தும்போது அன்றைய பில்கள் அத்தனையும் வெறுமை. பிழைச்செய்தி ஒன்றும் வராது. மொழி சொன்னதைச் செய்திருக்கிறது. ஆகவே பட்டியலைக் காலி செய்யுமுன் கேட்கவேண்டியது எந்தக் கட்டளை என்பதல்ல, அதை வேறு யார் வைத்திருக்கிறார்கள் என்பதே. என் கட்சி இது: ஐயமிருந்தால் புதியதை எடுங்கள், வைத்திருப்பவர் எல்லோரும் வெறுமையைக் காணவேண்டும் என்று தெரிந்தால் மட்டும் துடையுங்கள். முதல் தவறு திரையில் உடனே தெரிந்துவிடும், இரண்டாவது தரவையே தின்றுவிடும்.

துடைப்பது நினைவகத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். சி பிளஸ் பிளஸ்ஸின் வெக்டரில் அது உண்மை. துடைத்த பின்னும் ஒதுக்கிய இடம் கையில் இருக்கும். ஜாவாவின் அரேலிஸ்டும் உள்ளிருக்கும் இடங்களை 'நல்' ஆக்கிவிட்டு அணியை வைத்துக்கொள்ளும். நம்மில் பலர் ஓட்டும் வழமையான பைதானோ துடைக்கும்போது அந்த இடத்தையும் விட்டுவிடுகிறது, எனவே அங்கே இந்த வாதம் நிற்காது. அதுவும் பத்துப் பதினைந்து வரிப் பில்லுக்கு! கணக்கில் பிரதியைச் சேர்த்தால் சிக்கலே இல்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. சரிதான், ஆனால் பிரதி எடுக்கவேண்டும் என்று தோன்றுவதே, பட்டியல் பகிரப்பட்டிருக்கிறது என்று கண்டவருக்குத்தான்.

ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து நீக்குவது வேறு கதை. நான்கு பொருளுள்ள பைதான் பட்டியலில் அப்படிச் செய்தால் இரண்டு தப்பிவிடும், ஏனெனில் ஒன்று போனதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பைதான் பட்டியல்களுக்கு 'கிளியர்' என்ற முறையே 3.3 பதிப்பில், 2012இல்தான் வந்தது. கோ மொழியில் 2023இல் வந்த 'கிளியர்' ஸ்லைசின் நீளத்தைத் தொடுவதேயில்லை, மதிப்புகளைப் பூச்சியமாக்குகிறது. ஐந்து பொருள் வாங்கியவரின் பில் அதன் பின்னும் ஐந்து வரிதான், பெயரும் விலையும் இல்லாமல்.