கிழிந்த அட்டையும் கத்தரித்த அட்டையும்

பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிக்கும் அமெரிக்கர்களிடம் ஒரு வேடிக்கைப் பழக்கம் உண்டு. கைவசம் இருப்பதிலேயே படுமோசமான அட்டையை எடுத்துப் போட்டு, யாருடையது அதிகக் கேவலம் என்று போட்டி போடுவார்கள். மூலை நான்கும் மழுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிட்ட அட்டை, நடுவில் ஆணி அடித்த ஓட்டை, ஆட்டக்காரர் முகத்தில் என்றைக்கோ ஒரு பையன் பேனாவால் போட்ட மீசை. நாய் ருசி பார்த்துவிட்டுத் துப்பியது என்பார் ஒருவர். சட்டைப்பையோடு சலவைக்குப் போய் வந்தது, அதனால் சுத்தத்துக்குக் குறைவில்லை என்பார் இன்னொருவர்.

சிரிப்பில் நியாயம் இருக்கிறது. இவை பெட்டகத்தில் வைக்கப் பிறந்த பொருள்கள் அல்ல. முதலில் சிகரெட் பெட்டியிலும், பிறகு சூயிங் கம் பொட்டலத்திலும் கூட வந்த இனாம். பையன்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், நோட்டில் பசை தடவி ஒட்டினார்கள், சத்தம் வரட்டும் என்று சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே துணி கிளிப்பால் மாட்டினார்கள். அட்டைகளை வெளியிட்ட டாப்ஸ் கம்பெனியே 1952-ல் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அந்தத் தொடரில் வந்த ஆட்டக்காரர் மிக்கி மான்டிலின் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடிபடாமல் தப்பியது அபூர்வம் என்பதால்தான் அந்த விலை. அந்த விலைதான் மோசடிக்கும் வாசல்.

இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டுமே டி206 என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் 1909–1911 சிகரெட் தொடரைச் சேர்ந்தவை. இரண்டிலும் இருப்பவர் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர். இரண்டுமே ஓரம் வெட்டப்பட்டவை.

முதல் அட்டை 2010-ல் பால்டிமோரில் உள்ள நோட்ரடாம் கன்னியர் சபைக்கு வந்து சேர்ந்தது. சபைக் கன்னியர் ஒருவரின் சகோதரர் இறக்கும்போது எழுதி வைத்த சொத்து அது. மூலையில் பெரிய மடிப்பு, நான்கில் மூன்று பக்க ஓரம் காணோம், போதாக்குறைக்கு யாரோ லேமினேஷன் வேறு செய்திருந்தார்கள். சேதம் இருந்தாலும் இதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்று ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. எல்லாக் குறையையும் வெளிப்படையாகச் சொல்லி ஏலம் விட்டார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

இரண்டாவது, உலகத்திலேயே பெயர் பெற்ற வாக்னர் அட்டை. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் பார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் மதிப்பெண் போட்டதே இதற்குத்தான். பத்துக்கு எட்டு கொடுத்தது. 2007-ல் விலை 28 லட்சம் டாலர். இவ்வளவு பழைய சிகரெட் அட்டைக்கு இப்படிக் கூரான மூலையா என்று முணுமுணுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 2013-ல் ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ, விற்பதற்கு முன் அதன் ஓரங்களைத் தானே கத்தரித்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் நடத்திய ஏலங்களில் போலிக் கேட்புகளால் விலை ஏற்றியதும் அந்த வழக்கில் வெளிவந்தது. தபால் மோசடிக் குற்றத்துக்கு 2015-ல் 20 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

ஆக, வெட்டியதை வைத்துக்கொண்டிருப்பது குற்றமல்ல. வெட்டியதை மறைத்து, வெட்டாத விலைக்கு விற்பதுதான் குற்றம். கன்னியர்கள் சொல்லி விற்றார்கள், மாஸ்ட்ரோ சொல்லாமல் விற்றார்.

கத்தரிப்பவருக்கு அதிகம் தேவையில்லை. மழுங்கிய மூலையில் மயிரிழை அளவுக்குச் சீவினால் போதும், மூலை புதிதுபோல் கூராகிவிடும், மதிப்பெண் இரண்டு மூன்று படி ஏறும். பழைய அட்டைகளில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் விலை பல மடங்கு தாவும். வெளுத்த ஓரத்துக்கு வண்ணம் தீட்டுவது, கறையை ரசாயனத்தால் போக்குவது, மடிப்பை அழுத்தித் தட்டையாக்குவது, மூலைக்குக் காகிதக் கூழ் வைத்துக் கட்டுவது எல்லாம் இதே தொழிலின் கிளைகள். நோட்டில் ஒட்டியதை வெறும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதை மட்டும் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தப்பாக நினைப்பதில்லை. பென்சில் கிறுக்கலை அழிக்கலாமா என்பதில் இன்னமும் சண்டை.

வாங்குபவர் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். டி206 அட்டை அகலம் 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8 அங்குலம். ஆனால் அந்தக் காலத்துத் தொழிற்சாலை வெட்டே கோணல்மாணல்தான், அளவு சற்றுக் குறைந்தாலே திருட்டு என்று முடிவு கட்டக் கூடாது. பூதக்கண்ணாடியில் நான்கு விளிம்பையும் பாருங்கள். நூறு வருஷத்து விளிம்பு பழுத்து, மங்கி, லேசாகச் சிலும்பியிருக்கும். மூன்று விளிம்பு பழுப்பாகவும் ஒன்று மட்டும் வெள்ளையாகவும் வழவழப்பாகவும் இருந்தால், அந்தப் பக்கம் பிளேடு போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடிபட்ட அட்டைகளில் சிரிப்பு வராத இன்னொரு வகையும் உண்டு. போலி அட்டை செய்பவர் புத்தம் புதிதாகச் செய்ய மாட்டார்; கசக்கி, டீத்தண்ணியில் நனைத்து, மூலையைத் தேய்த்து விற்பார். இவ்வளவு அடிபட்டதைப் போய் யார் போலியாகச் செய்யப் போகிறார்கள் என்று நாம் நினைப்போம் அல்லவா, அந்த நினைப்புதான் அவருக்கு முதலீடு. டாப்ஸ் கம்பெனி 1952 தொடரை 1983-ல் முறையாக மறுஅச்சு செய்தது. பின்பக்கத்தில் மறுஅச்சு என்று போட்டிருந்தார்கள். அந்த எழுத்தைச் சுரண்டி, சேதம்போல் காட்டித் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே அளவுகோல் கைகொடுக்கும்: 1952-ன் அசல் 2 5/8க்கு 3 3/4 அங்குலம், மறுஅச்சு 2 1/2க்கு 3 1/2. புற ஊதா விளக்கு இன்னொரு துணை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கிடையாது. 1910-ஆம் வருஷத்து அட்டை அந்த விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் லூசியானா தவிர மற்ற மாநிலங்களில் செல்லுபடியாகும் பொது வணிகச் சட்டத்தின்படி, விற்பவர் பொருளைப் பற்றித் தரும் விவரணையே உத்தரவாதம். 'அசல், கத்தரிக்கப்படாதது' என்று எழுதிவிட்டால், கடைக்காரரானாலும் வீட்டிலிருந்து விற்பவரானாலும் அது அவரைக் கட்டும். 'இருக்கிறபடியே விற்பனை, திரும்ப எடுக்க மாட்டேன்' என்று கீழே சேர்த்தாலும், மேலே எழுதியது எளிதில் அழிந்துவிடாது. ஆனால் 'அருமையான அட்டை, கண்ணைப் பறிக்கும்' என்பது வெறும் அபிப்பிராயம், அதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் பணம் கட்டுமுன் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: ஓரம் வெட்டியதா, வண்ணம் தொட்டதா, மறுஅச்சா? பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

பணம் எந்த வழியில் போகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியிலோ ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையிலோ அனுப்பச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வழிகளில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பேபாலின் முறையான கொள்முதல் வழியில் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் 'சொன்னபடி இல்லை' என்று புகார் தரலாம். திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் போட்டிருந்தாலும் இது செல்லும். கடன் அட்டையில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். உத்தரவாதத்தை மீறியதாக வழக்குப் போட, பொருள் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக நான்கு ஆண்டுகள் உண்டு. ஆனால் குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சிறு தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

விற்றவர் திட்டமிட்டு ஏமாற்றியிருந்தால் அது பணத் தகராறோடு நிற்காது. தபாலில் வந்திருந்தால் அமெரிக்கத் தபால் புலனாய்வுப் பிரிவிலும், இணையம் வழி நடந்திருந்தால் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், அத்துடன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதியலாம். தபால் மோசடிக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஒருவர் புகாரில் உடனே கைது நடக்காமல் போகலாம். பத்துப் பேர் புகார் ஒரே பெயரைச் சொல்லும்போது கதை வேறு.

கடைசியாக, தாத்தாவின் பழைய பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்தவர்களுக்கு. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், அழிப்பான் வைக்காதீர்கள், ஓரத்தைச் 'சரி' பண்ணாதீர்கள். பாதியாகக் கிழிந்த வாக்னர் அட்டையே 2021-ல் 4,75,000 டாலருக்கு மேல் போனது. அழுக்கோடும் மடிப்போடும் முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுங்கள், குறைகளை ஒவ்வொன்றாக எழுதி விற்பனைக்கு வையுங்கள். வாங்குபவராக இருந்தால், உறை பிரித்த அன்றே அளந்து பார்த்து, படம் எடுத்து, சந்தேகம் இருந்தால் அன்றைக்கே விற்றவருக்கு எழுதிவிடுங்கள்.